மிதிப்பது எளிது, விடுவது அரிது!

மோட்டார் ஓட்டப் போட்டி என்றவுடன் நம்மிற் பெரும்பாலோரின் மனக்கண்ணில் தோன்றுவது வேகம் ஒன்றே. நேரான தெருவிலே காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் வண்டியையும், காதைத் துளைக்கும் இயந்திர ஒலியையுமே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆயின், நேர்ப்பாதையில் அக்சிலறேற்றரை அடிவரை மிதித்து வைத்திருப்பது துணிவுள்ள எவர்க்கும் இயலக்கூடிய காரியமே. வல்லவனையும் மற்றவனையும் பிரித்துக் காட்டுவது வளைவுதான். அதிலும், வளைவுக்குள் நுழையும்போது கழிகின்ற இரண்டு மூன்று விநாடிகளே போட்டியின் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த விநாடிகளிலே சாரதியின் கால் பிறேக்கின்மீது செய்கின்ற வேலையைப் பற்றி இங்கே சிறிது பேச விழைகின்றோம்.

1961ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி. மத்தியதரைக் கடலோரத்திலுள்ள மொனாக்கோ என்னும் சின்னஞ்சிறு நாட்டின் நகரத் தெருக்களிலே 'கிறாண்ட் பிறீ' போட்டி நடைபெற்றது. இத்தாலியின் பெராரி நிறுவனம் மூன்று புதிய வண்டிகளை அனுப்பியிருந்தது. அவற்றை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் ஆங்கிலேயரான ஸ்டேர்லிங் மொஸ். அவர் ஓட்டியதோ முந்திய ஆண்டின் லோட்டஸ் வண்டி. அதன் இயந்திரத்தின் வலு, பெராரி இயந்திரங்களின் வலுவைவிட ஏறத்தாழ முப்பது, நாற்பது குதிரைவலு குறைவு. நேரான தெருவில் இந்த வேறுபாட்டை எந்தத் திறமையாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால், மொனாக்கோவில் நேரான தெரு என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. கடலோரம், மலைச்சரிவு, சுரங்கவழி, கொண்டை ஊசி போன்ற திருப்பங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகளே வரும். அத்தகைய நூறு சுற்றுகளை இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ஓடி, துரத்தி வந்த பெராரிச் சாரதி ரிச்சி கிந்தரை 3.6 விநாடி வித்தியாசத்தில் மொஸ் வென்றார். சுற்றுக்குச் சுற்று அவர் மிச்சம்பிடித்த கணங்கள் எங்கிருந்து வந்தன? இயந்திரம் தந்ததன்று. வளைவுகள் தந்தன. பிறர் பிறேக்கைவிட்டுக் காலை எடுத்துவிடும் இடத்துக்கு அப்பாலும், வளைவின் உட்புறம்வரை அதனை மெல்லத் தாங்கிச் செல்வது மொஸ்ஸுக்குக் கைவந்த கலை என்று மோட்டார்ப் போட்டிகளைப் பற்றி எழுதியோர் பலரும் கூறியுள்ளனர்.

இக்கலையின் அருமை விளங்க வேண்டுமாயின், பள்ளிக்கூடத்திலே படித்த பௌதிகத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாணவ வாசகர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நன்று.

பத்துக் கிலோமீற்றரின் விலை

வளைவொன்றின் ஆரை 25 மீற்றர் என்க. உலர்ந்த, நல்ல தெருவிலே சாதாரண ரயர்கள் பூண்ட கார் அவ்வளைவில் வழுக்காது திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மழை பெய்து ரயரின் பிடி பாதியாகிவிட்டால் அது 36 ஆகக் குறையும். பிடி பாதியானால் வேகமும் பாதியாகிவிடாது. வர்க்கமூலக் கணக்கில் குறையும்.

இனி, சாரதி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வளைவை நோக்கி வருகிறார். உலர்ந்த தெருவில் இயன்ற மட்டும் பலமாகப் பிறேக் போட்டால், 50க்கு இறங்குவதற்கு அவருக்கு ஏறத்தாழ 37 மீற்றர் தூரம் தேவைப்படும். அதே இடத்தில், அதே பலத்தோடு பிறேக் போடும் வேறொருவர் 110இல் வந்தார் என்று கொள்வோம். பத்துக் கிலோமீற்றர்தானே கூட என்று எண்ணத் தோன்றும். அவர் வளைவின் வாயிலை அடையும்போது வண்டியின் வேகம் 60 அன்று. 68 ஆக இருக்கும்! தொடக்கத்தில் பத்தாக இருந்த வித்தியாசம் முடிவில் பதினெட்டாக வளர்ந்துவிடுகிறது. இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்னும் விதியின் விளைவு இது. 50 மட்டுமே தாங்கும் வளைவிலே 68இல் நுழைந்தவரின் கதி என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நமது தெருக்களில் நிகழும் எத்தனையோ விபத்துக்களின் பின்னர், "வழக்கமாகப் பிறேக் பிடிக்கும் இடத்திலேதான் பிடித்தேன்" என்று சாரதிகள் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. இடம் அதுவேதான், வந்த வேகம் வேறு.

ஒரு பிடி, இரு வேலை

கார் ஒன்று தெருவைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவே இருக்கும். வண்டியை ஓட வைப்பது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய எல்லாவற்றையும் இந்த நான்கு உள்ளங்கைகளின் உராய்வே செய்தாக வேண்டும். அவ்வுராய்வு அளவுக்குட்பட்டது. நிறுத்துவதற்கு முழுவதையும் செலவிட்டுவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் எஞ்சாது. சில்லுகள் சுழலாது இறுகிப்போன வண்டியில் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிச் செல்வது இதனாலேதான்.

மாதச் சம்பளத்தை வாடகைக்கும் அரிசிக்கும் பங்கிடுவதைப் போன்றது இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால், இயற்கை நம் கணக்கப்பிள்ளைகளைவிடத் தாராளமானது. இங்கே பங்கீடு சாதாரணக் கழித்தல் கணக்கன்று. நிறுத்தும் விசை முன்பின்னாகவும், திருப்பும் விசை பக்கவாட்டிலும் செயற்படுகின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு விசைகளாதலால் பைதகரசின் தேற்றத்தின்படியே அவற்றைக் கூட்ட வேண்டும். ரயரின் மொத்தப் பிடியைப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பங்கை நிறுத்துவதற்குச் செலவிட்ட பின்னரும் திருப்புவதற்கு இரண்டல்ல, ஆறு பங்கு மிஞ்சும். ஆறு பங்கைச் செலவிட்டால் எட்டு மிஞ்சும். மூன்றே பங்கைச் செலவிட்டாலோ ஒன்பதரைப் பங்கு திருப்புவதற்குக் கிடைக்கும். வளைவின் உள்ளே சிறிதளவு பிறேக்கைத் தாங்கிச் செல்வதற்கு இயற்கை வாங்கும் விலை அத்துணை மலிவு! இந்தக் கணக்கை ஒரு வட்டமாக வரைந்து, போட்டிச் சாரதிகளிடையே பரப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான மார்க் டொனஹியூ. பொறியியல் கற்றவரான அவர் 1972இல் இந்தியானாபொலிஸ் 500 மைல் போட்டியை வென்றவர்.

இன்னுமொன்று உண்டு. பிறேக் போட்டவுடன் வண்டியின் மூக்குத் தாழ்வதையும், நாம் முன்னோக்கிச் சாய்வதையும் எல்லோரும் அறிவோம். 1000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று முன் சில்லுகளில் 500, பின் சில்லுகளில் 500 என்று சமமாக நிற்கிறது என்க. ஈர்ப்பு மையம் அரை மீற்றர் உயரத்திலும், முன் பின் அச்சுகளுக்கிடையே தூரம் இரண்டரை மீற்றராகவும் இருந்தால், பலமான பிறேக்கின்போது 160 கிலோகிராம் சுமை பின்னிருந்து முன்னே தாவும். அப்போது முன்னே 660, பின்னே 340. முன் ரயர்கள் தெருவிலே நன்கு பதிந்து, திருப்புவதற்கு ஆயத்தமாய் நிற்கின்றன. பின் ரயர்களோ பாதி மிதப்பிலே இருக்கின்றன.

இப்பொழுது சாரதி சட்டென்று காலை எடுத்துவிட்டால் என்ன நேரும்? மூக்குத் துள்ளி எழும். முன் ரயர்களின் மீதிருந்த சுமை பின்னே ஓடிவிடும். அதே கணத்தில் சுக்கானைத் திருப்பினால், பிடி குறைந்த முன் சில்லுகள் திரும்ப மறுத்து, வண்டி வளைவின் வெளிப்புறத்தை நோக்கி வழுக்கும். மாறாக, காலைச் சிறிதும் தளர்த்தாமல் முழுப் பிறேக்கோடு சுக்கானை முறித்துத் திருப்பினாலோ, இறுகிய முன் சில்லுகள் வண்டியை நேரே இழுத்துச் செல்லும். அல்லாவிடின், மிதப்பிலிருந்த பின்புறம் பக்கவாட்டில் வீசி எறியப்பட்டு வண்டி பம்பரமாகும். ஒழுங்கைகளில் சைக்கிள் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மணல் படிந்த முடக்கிலே முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்து முழங்கால் தேய்ந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்.

ஆகவே, வல்லவன் செய்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகும். வளைவுக்கு முன்னர், வண்டி நேராக இருக்கும்போதே அவன் பிறேக்கைப் பலமாக மிதிக்கிறான். அம்மிதியும் உதையன்று, முதலில் சிறிது அழுத்தி, சுமை முன்னே வந்து ரயர்கள் பதிந்தபின் முழுப் பலத்தையும் கொடுக்கிறான். வேகத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. பிறகு சுக்கான் திரும்பத் தொடங்கும் கணத்திலே கால் எழத் தொடங்குகிறது. கை எவ்வளவு திரும்புகிறதோ கால் அவ்வளவு எழுகிறது. தராசின் ஒரு தட்டுத் தாழ மறுதட்டு உயர்வது போல. வளைவின் உள்முனையை வண்டி தொடும்போது பிறேக்கின் மீதிருந்த அழுத்தம் முற்றாக நீங்கியிருக்கும். பின்னர் சுக்கான் நேராகத் திரும்பத் திரும்ப, அக்சிலறேற்றர் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. பார்ப்பவனுக்கு எங்கே பிறேக் முடிந்தது, எங்கே திருப்பம் தொடங்கியது என்பதே தெரியாது.

1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகச் சம்பியனாகிய ஸ்கொத்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டுவேர்ட், பிறேக்கை மிதிக்கும் விதத்தைக் காட்டிலும் அதனைவிட்டுக் காலை எடுக்கும் விதத்துக்கே அதிக மதிப்புக் கொடுத்தவர். பலமாக மிதிப்பதற்குக் கால்வலுவும் துணிவும் போதும். வண்டி அறியாதபடி காலை விடுவிப்பதற்கோ நெடுநாட் பழக்கம் வேண்டும்.

பழைய விதி எப்படி மாறிற்று?

'பிறேக் எல்லாம் நேர்த்தெருவிலே முடிய வேண்டும். வளைவுக்குள் பிறேக்கைத் தொடாதே' என்பதே முன்னாளில் மோட்டார் கற்பித்தவர்களின் விதி. அது மூடத்தனமான விதியன்று. அக்காலத்து வண்டிகளுக்கு அதுவே தக்கது. அன்று நான்கு சில்லுகளிலும் இருந்தவை 'டிறம்' பிறேக்குகள். சுழலும் இரும்புக் குடத்தினுள்ளே பிறை வடிவான இரு துண்டுகள் விரிந்து, அதன் உட்சுவரை அழுத்துவதே அவற்றின் அமைப்பு. சூடேறினால் குடம் விரிந்து துண்டுகளை விட்டு விலகும். துண்டுகளின் மேற்பூச்சும் உராய்வை இழக்கும். இடப்புறச் சில்லும் வலப்புறச் சில்லும் ஒரே அளவாகப் பிடிப்பது அரிது. நேர்த்தெருவிலேயே ஒருபுறம் இழுக்கும் பிறேக்கை வளைவினுள் யார்தான் நம்பித் தொடுவர்?

1953ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரிலே நிகழ்ந்த 24 மணி நேரப் போட்டி இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீளமான நேர்த்தெரு ஒன்றின் முடிவிலே, வலப்புறம் திரும்பும் ஒடுங்கிய வளைவொன்று அக்காலத்தில் அங்கு இருந்தது. சுற்றுத்தோறும் அவ்விடத்தில் உச்ச வேகத்திலிருந்து இறங்கியாக வேண்டியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் அப்படிப் பிடித்துப் பிடித்து டிறம் பிறேக்குகள் சோர்ந்துபோவது வழக்கம். அவ்வாண்டு ஜாகுவார் வண்டிகளிலே, டன்லொப் நிறுவனம் உருவாக்கிய 'டிஸ்க்' பிறேக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. வெளியே காற்றுப் படும்படி சுழலும் தட்டொன்றை இருபுறத்திலுமிருந்து இடுக்கிபோற் பிடிக்கும் அமைப்பு இது. சூடு உடனே காற்றில் கலந்துவிடுகிறது. டொனி றோல்ற், டங்கன் ஹமில்டன் ஆகிய இருவரும் ஓட்டிய ஜாகுவார் முதலிடம் பெற்றது. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் அப்போட்டி வெல்லப்பட்டதும் அதுவே முதன்முறை. ஜாகுவார்ச் சாரதிகள் பிறரைவிட வளைவுக்கு அண்மையிற் சென்றே பிறேக்கைத் தொட்டார்கள் என்பது மட்டுமன்று. காலின் அழுத்தத்துக்கேற்ப அளந்து பிடிக்கும் பிறேக் கிடைத்தமையால், அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைப்பதும் யாவர்க்கும் எட்டக்கூடிய வித்தையாயிற்று. டிஸ்க் பிறேக் இன்று நமது வீட்டுக் கார்களிலும், மோட்டார்ச் சைக்கிள்களிலும் உள்ளது.

வடதேசத்தார் வேறொரு வழி கண்டனர். சுவீடன், பின்லாந்து நாட்டுச் சாரதிகள் பனியும் சரளைக்கல்லும் நிறைந்த காட்டுத் தெருக்களில் முன் சில்லுகளால் இழுக்கப்படும் 'சாப்', 'மினி கூப்பர்' வண்டிகளை ஓட்டினர். அத்தகைய வண்டி வளைவில் மூக்கை வெளிப்புறமாக நீட்டும் இயல்புடையது. அவர்களோ வலக்காலால் அக்சிலறேற்றரை மிதித்தபடியே இடக்காலால் பிறேக்கைத் தொட்டனர். முன் சில்லுகளை இயந்திரம் சுழற்றிக்கொண்டிருப்பதால் அவை இறுகா. பின் சில்லுகள் மட்டும் சிறிது தடைப்பட்டு, வண்டியின் வால் வெளியே வீசி, மூக்கு வளைவின் உள்ளே திரும்பும். எரிக் கார்ல்சன் 1962, 1963ஆம் ஆண்டுகளிலும், டிமோ மாக்கினென் 1965இலும், ரௌனோ ஆல்ரொனென் 1967இலும் மொன்ரே கார்லோ றாலியில் வெற்றி பெற்றனர். பொம்மைபோன்ற அந்த மினி வண்டி பெரிய கார்களைத் தோற்கடித்த செய்தி அக்காலத்தில் உலகெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது.

இன்றைய போர்முலா-1 சாரதிகளும் இடக்காலாலேயே பிறேக் பிடிக்கின்றனர். அவர்களது வண்டிகளில் கிளச்சு மிதி இல்லை. வேகம் மிகுந்திருக்கும்போது காற்று அவ்வண்டிகளைத் தெருவோடு அழுத்துகிறது. ஆதலின் தொடக்கத்தில் பிடி மிக அதிகம். வேகம் குறையக் குறையக் காற்றின் அழுத்தமும் குறைந்து பிடி கரைகிறது. முதல் மிதியே மிகப் பலமாக இருந்து, அக்கணத்திலிருந்தே கால் எழத் தொடங்க வேண்டும். இத்தாலியின் மொன்சா ஓட்டத்தளத்தில், மணிக்கு 330 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து 100க்குக் கீழே நூற்றைம்பது மீற்றருக்குள் இறங்குகிறார்கள். அந்தக் குறுகிய தூரத்தில் காலின் அழுத்தம் குறையும் விதத்திலேதான் ஒருவரை மற்றவர் வெல்கிறார்.

நம் மலைத் தெருக்களில்

நமது நாட்டுக்கும் இவ்வித்தை புதியதன்று. நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத்தின் ஊடாக ஏறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆயின், நம் வாசகர்களுள் போட்டிக்குச் செல்வோர் சிலரே. விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியா சென்று, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவோரே மிகப் பலர். அவர்களுக்கு இதில் என்ன பயன்?

முதலில், போட்டிச் சாரதி செய்வதை அங்கே செய்யலாகாது. ஓட்டத்தளத்தின் வளைவை அவன் நூறு முறை கண்டிருக்கிறான். எதிரே எவரும் வரமாட்டார். றம்பொடைத் திருப்பத்துக்கு அப்பாலோ மண்ணெண்ணெய் பவுசரும் வரலாம், மழைநீர் கொண்டுவந்த மண்ணும் கிடக்கலாம். போட்டிச் சாரதி தன் பத்துப் பங்குப் பிடியில் பத்தையும் செலவிடுகிறான். நாமோ ஐந்துக்கு மேல் தொடாதிருப்பதே தகும். ஆதலின், தெருவிலே செல்வோருக்கு அந்தப் பழைய விதியே இன்றும் நல்ல விதி: வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். எதிர்பாராத தடை வந்தால் உள்ளே பயன்படுத்துவதற்குப் பிடி கையிருப்பில் இருக்கும்.

இரண்டாவது, நீண்ட இறக்கத்தில் கால் பிறேக்கின்மீது ஓய்வெடுக்கக் கூடாது. விடாமல் மெல்ல மிதித்துக்கொண்டே வந்தால், டிஸ்க் பிறேக்காயினும் சூடேறும். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். ஏறும்போது இட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது இன்றும் மாறாத உண்மை. இயந்திரம் தடுக்கட்டும்; வளைவை அண்மிக்கும்போது மட்டும் பிறேக்கைத் திடமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட்டால் அது ஆறும்.

காலை மெல்ல எடுக்கும் பழக்கத்தை மட்டும் போட்டிச் சாரதியிடமிருந்து தாராளமாகக் கடன் வாங்கலாம். மலைத் தெருவில் பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவதற்குக் காரணம் வளைவுகள் மட்டுமல்ல. ஒவ்வொரு வளைவிலும் மூக்குக் குத்துவதும் துள்ளுவதுமாக வண்டி ஆடுவதும் ஒரு காரணம். பின் ஆசனத்திலிருக்கும் பாட்டியின் மடியில் வைத்த சோற்றுப் பார்சல் நழுவாமல் நானுஓயாவிலிருந்து கம்பளைவரை வந்து சேர்கிறதா என்று பார்த்தால் சாரதியின் காலைப் பற்றித் தெரிந்துவிடும்.

இறுதியாக, புதிய வண்டிகள் வைத்திருப்போருக்கு ஒரு சொல். சில்லுகள் இறுகிப்போகாமல் தடுக்கும் கருவி இப்பொழுது பெரும்பாலான கார்களில் உண்டு. விமானங்களுக்காக டன்லொப் நிறுவனம் செய்த கருவியொன்று 1966இல் ஜென்சன் என்னும் ஆங்கிலக் காரில் இடம்பெற்றது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் செய்த மின்னணுக் கருவி 1978 முதல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. சாரதியின் திறமைக்கே இடமிருக்க வேண்டும் என்று 1994 முதல் போர்முலா-1 போட்டிகளில் இதற்குத் தடைவிதித்தனர். குடும்பம் ஏறிச்செல்லும் காருக்கு இது பெரும் வரப்பிரசாதம். முழுப் பலத்தோடு பிறேக்கை மிதித்த நிலையிலும் சுக்கான் தன் வேலையைச் செய்யும்படி, இக்கருவி ஒரு விநாடியில் பல தடவை பிடித்தும் விட்டும் பார்க்கிறது. அப்பொழுது மிதி காலின்கீழ் கடகடவென்று அதிரும். அதனை அறியாதவர்கள், ஏதோ உடைந்துவிட்டது என்று திகைத்து, மிக வேண்டிய அந்தக் கணத்திலேயே காலை எடுத்துவிடுகின்றனர். எடுக்கலாகாது, அழுத்தியபடியே சுக்கானைத் திருப்ப வேண்டும். ஆளில்லாத வெளியிலே, மழை பெய்த ஒரு நாளில், அவ்வதிர்வை ஒருமுறை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்து வைத்துக்கொள்வது நன்று.